முதல் குத்து

நாங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயை நரம்பில் போடப் பழகியது உயிருள்ள கைகளில்தான். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் வார்டு. கட்டில்களில் உப்பளத்தில் வேலை செய்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சங்கு குளிப்பவர்கள். சீனியர் ஒருமுறை செய்து காட்டுவார்; அடுத்தது நம் முறை. உப்பில் உழைத்துக் காய்த்த கைகளில் நரம்பு லேசில் அகப்படாது. "இன்னொரு தரம் குத்திப் பாருங்கம்மா" என்று நோயாளியே கையை நீட்டுவார். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? இலவச வைத்தியத்துக்கு வந்தவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அந்த வார்டில் ஒரு பெரியவர். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இளவட்டமாக முங்கியவர். கல்லில் கால் வைத்து இறங்குவது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பது, கயிறு அசைந்ததும் மேலே தூக்குவது என்று எல்லாம் சொல்வார். "பழகாதவன் முங்கினா அவன் மூச்சுதாம்மா முட்டும்" என்றார். எங்கள் தொழிலில் பழகுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. வலியெல்லாம் படுத்திருப்பவருக்கு.

சமீபத்தில் சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில், மெய்நிகர் ஹெட்செட் மாட்டிய மாணவி ஒருத்தி மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கிக்கொண்டிருந்தாள். லாரிங்கோஸ்கோப் பல்லில் அழுந்தினால் பிழை விழுகிறது. தாமதித்தால், கண்முன் தெரியும் நோயாளியின் ஆக்சிஜன் இறங்குகிறது. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அங்கே யாரும் முனகவில்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

ஏனென்றால் இது நேற்று தெரிந்த சங்கதி அல்ல. 2002-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஹெட்செட் கிடையாது, கணினித் திரைதான். அதில் பழகியவர்கள், கல்லீரலிலிருந்து பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பழகாதவர்களின் பிழைகளோ ஆறு மடங்கு. நாங்கள் வார்டில் நரம்பு தேடிக்கொண்டிருந்த நாட்களில் அந்த முடிவு அச்சேறி வெளியாகியிருந்தது.

2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறி, திறன் பயிற்சிக்கூடம் கட்டாயமானது. நல்லது. ஆனால் பொம்மைக் கை நான்கை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தாலும் கணக்குக் காட்டிவிடலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடங்கியது 2000-இல். உப்பளமும் துறைமுகமும் கடலும் அனுப்பும் நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. இத்தனை காலம் யாருடைய உடம்பில் மருத்துவம் படித்தோமோ, அவர்கள் வரும் கல்லூரிகளுக்குத்தான் ஹெட்செட் முதலில் வர வேண்டும். அதில் தேறாத எவரும் ஊசியோடு வார்டுக்குள் போகக் கூடாது. தேறியவரும், இது தன் முதல் குத்து என்று சொல்லி, கேட்டுவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும்.