மூஸின் மூக்குக்குக் கீழே பதினோரு இரவு

ஊர் திரும்பி ஒன்பது நாளாகிறது. இதை எழுதுபவரின் ஸ்வெட்டரை மூன்று முறை துவைத்தாயிற்று. வெயிலில் போட்டாயிற்று. வேப்பிலைகூடச் செருகிப் பார்த்தாயிற்று. வாசம் போகிற வழியாக இல்லை. “அது உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்” என்று வீட்டம்மா சொல்லிவிட்டதால், மொட்டைமாடிக் கொடியில் தனியாகத் தொங்குகிறது. இப்போதெல்லாம் அந்தக் கொடியில் காக்காய்கூட உட்காருவதில்லை.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில், கல்லூரித் தோழர் ஒருவரின் பேஸ்மென்ட்டில் பதினோரு இரவு படுத்ததன் பலன் இது. அந்தப் பேஸ்மென்ட்டின் காற்றை எப்படிச் சீர்செய்வது என்பதுதான் கட்டுரையின் விஷயம். அதற்கு முன், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை அறிமுகப்படுத்திவிடுவது மரியாதை.

வெண்வால் மான் தலை மூன்று. மூஸ் தலை ஒன்று. மான் குடும்பத்திலேயே பெரிய உருப்படி அதுதான். கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். சுவரில் விரித்து அறைந்த கருங்கரடித் தோல் ஒன்று. பலகையில் பதித்த வாலாய் மீன் ஒன்று. மினசோட்டாவின் மாநில மீன் என்ற கௌரவம் உடையது. எல்லாம் பாடம் செய்யப்பட்டவை. நண்பரோ ஏகாதசியன்று வெங்காயத்தைக் கண்ணால் பார்க்காதவர். வீட்டை விற்ற பெரியவர் வேட்டைக்காரர். அரிசோனாவுக்குக் குடிபெயரும்போது, “வீட்டோடு இதுகளையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்றிருக்கிறார். சும்மா வருவதை வேண்டாமென்று சொல்ல, நண்பரை விடுங்கள், நம்மில் யாருக்கு வாய் வந்திருக்கிறது?

முதல் ராத்திரியே கேட்டாயிற்று. “ஏண்டா, கீழே ஏதோ வாடை அடிக்குதே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா. அந்துருண்டை போட்டிருக்கேன்” என்றார், வாசலில் கூர்க்கா போட்டிருப்பதைச் சொல்கிற பெருமிதத்தோடு.

அந்துருண்டையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

பட்டுப்புடவை மடிப்பில் அது. டிரங்குப்பெட்டியின் நாலு மூலையிலும் அது. கொலு பொம்மைகளைச் சுற்றிய பழைய வேட்டிக்குள் அது. நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தால் தசாவதாரத்துக்கும் முன்னால் எழுந்தருள்வது அந்த வாசம்தான். கைகழுவும் தொட்டியில், தியேட்டர் கழிவறையில், தாத்தாவின் கோட்டுப் பையில், யாரும் படிக்காத கலைக்களஞ்சிய வரிசைக்குப் பின்னால். கல்யாண வீட்டில் எந்தச் சித்தி வருஷத்துக்கு ஒருமுறைதான் பீரோவைத் திறக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அதை வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கரைந்து பட்டாணி அளவுக்கு வந்தாலும் தூக்கிப் போடமாட்டோம். பக்கத்தில் புதிதாக இரண்டு போடுவோம்.

பழைய உருண்டைகளில் இருப்பது நாப்தலீன். திரவமாகாமல் திடத்திலிருந்து நேரே ஆவியாகும் சரக்கு. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி கெட்டியாகச் சேர்ந்தால்தான் அந்துப்பூச்சி சாகும். காற்றுப்புகாத பெட்டிக்குள் மட்டும் போடவும் என்று அமெரிக்கப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பது அதனால்தான். திறந்த அறையில் போட்டால் அந்து பிழைத்துக்கொள்ளும். முகர்கிற மனிதர்தான் மாட்டிக்கொள்வார். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில், 2பி பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலீன் உருண்டைக்குத் தடை போட்டது.

நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் செய்திருந்த ஏற்பாட்டைக் காட்டினார். மூஸின் நாசித் துவாரத்துக்கு ஒன்றாக இரண்டு. மான்களுக்குக் காதுக்கு ஒன்றாக ஆறு. கரடிக்கு வாயில் மூன்று. மீனுக்கு வாயில் ஒன்று.

“மீனுக்கு எதுக்குடா? அதுக்கு ரோமமே கிடையாதே?”

“எல்லாத்துக்கும் போட்டுட்டு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

பந்தி விசாரிக்கும் பரம்பரை. ஆக மொத்தம் பன்னிரண்டு உருண்டை. பன்னிரண்டுக்கும் கீழே ஒரு கட்டில், கட்டிலில் அறுபத்திரண்டு வயது ஆஸ்துமாக்காரர். இரண்டு வரி என்று சொன்னது மறக்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் விலங்குகள் பேரில் தப்பில்லை. இன்றைக்குப் பாடம் செய்யப்படும் மான் தலைக்குள் மானே கிடையாது. பதப்படுத்திய தோலும் கொம்பும்தான் அசல். கண் கண்ணாடி, உள்ளே பாலியூரிதேன் நுரை. வாடை வீச அங்கே ஏதும் மிச்சமில்லை. கவலைப்பட வேண்டியவை பழையவை. பிரான்ஸின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கூர் 18ஆம் நூற்றாண்டில் ஆர்செனிக் சோப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆர்செனிக் என்றால் நம்மூர்ப் பாஷாணம். தோலின் உட்புறத்தில் அதைப் பூசினால் பூச்சி அண்டாது. அந்த வழக்கம் 1980கள் வரை ஓடியது.

மினசோட்டாவை ஒட்டிய தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்றொரு நகரம். ஹென்றி பிராக்ஹவுஸ் என்ற இரும்புச் சாமான் கடைக்காரர் வேட்டையாடிச் சேர்த்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் அங்கே உயிரியல் பூங்காவின் அருங்காட்சியகத்தில் நின்றிருந்தன. 2023 ஆகஸ்டில் அதை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஆர்செனிக் இருந்ததுதான் காரணம். நண்பர் வீட்டு மான் ஒன்றின் பலகையில் 1958 என்று பொறித்திருந்தது. அதைத்தான் அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் துடைப்பத்தால் தட்டித் தூசு எடுக்கிறார்.

போகட்டும், ஈரத்துக்கு வருவோம். மினசோட்டாக் குளிரில் தரை உறைந்து தூக்கும் என்பதால் அஸ்திவாரம் தெற்கே மூன்றரை அடி, வடக்கே ஐந்தடி ஆழமாவது போக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டி ஓர் அறை போட்டுவிடுகிறார்கள். ஜூலையில் வெளியே புழுக்கம், கீழே சில்லென்ற சுவர். ஈரக்காற்று சுவரில் பட்டு வியர்க்கிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 30க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் இருப்பது நல்லது; 60ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நண்பர் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். வாளி நிரம்பினால் அது கூவும். தினமும் ராத்திரி இரண்டரை மணிக்கு நிரம்பும். எழுந்துபோய்க் கொட்டுவது விருந்தாளியின் பொறுப்பு.

நாலாம் நாள் தும்மல் தாங்காமல், காற்றை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்தார் இவர். நுண்துகள் 9 என்று பச்சையில் காட்டியது. நண்பர் மகிழ்ந்துபோய், “இருந்தாலும் உனக்காக” என்று மூஸுக்கு எதிரே இரண்டு மல்லிகை ஊதுபத்தி ஏற்றினார். பத்து நிமிஷத்தில் 180. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 15. கருவி சிவந்து கத்தியது. நண்பர் அதை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அந்தக் கருவியால் அளக்க முடியாத ஆசாமி ஒருவர் உண்டு. ரேடான். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதில் பிறந்து, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும் வாயு. நிறமில்லை, மணமில்லை. அந்துருண்டைக்கும் ஊதுபத்திக்கும் அசைந்து கொடுக்காது. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் நடந்தால் கதிர்வீச்சு மணி அலறியது. நிலையமோ இன்னும் மின்சாரமே எடுக்கவில்லை. ஒருநாள் வேலைக்கு உள்ளே நுழையும்போதே மணி அடித்ததும்தான் சங்கதி புரிந்தது: அவர் கதிர்வீச்சை வீட்டிலிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் லிட்டருக்கு 2,700 பிகோகியூரி. 4 இருந்தாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் ரேடானால் என்பதும் அதன் கணக்கு. மினசோட்டாவில் ஐந்தில் இரண்டு வீடுகள் அந்த 4ஐத் தாண்டியவை.

“நம்ம வீட்டுல அதெல்லாம் இருக்காது” என்றார் நண்பர்.

“எப்படித் தெரியும்?”

“ஒரு வாசனையும் வரலியே.”

இவர் தன் செலவில் கரித்தூள் டப்பா ஒன்று வாங்கி, மூஸின் கொம்பில் கட்டித் தொங்கவிட்டு, நாலு நாள் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறினார். பேஸ்மென்ட்டின் காற்றை எப்படிச் சீர்செய்வது என்பதை அந்த எண் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். நேற்று நண்பர் போன் செய்தார். முடிவு தபாலில் வந்துவிட்டதாம். இன்னும் பிரிக்கவில்லையாம். பூச்சி அரிக்காமலிருக்க, இரண்டு அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.