வசனத்துக்கு முன்னும் பின்னும்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. சமாதானம் வரும் என்று நம்பினேன். வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்தது. அட்டை மாறி வந்துவிட்டதோ?
— வாசகி, நாசரேத்

மாறவில்லை, அம்மா. அட்டையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிற வசனம் அது. முந்தின வசனத்திலேயே கெடு இருக்கிறது: 70 வருஷம்! அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கு வந்த புத்தி என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கிற ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள்.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். அனனியா என்றொருவன் ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறான். கூட்டத்துக்கு இருவரில் யாரைப் பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் மாதத்தில் பேசினான், ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். நம் அட்டைக்காரர்கள் பத்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் கத்தரித்து எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவருக்குப் பத்தும் சேர்ந்துதான் வேண்டும்.

கேள்வி: சுகர் மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் பூரணமாகும் என்கிறார் எங்கள் ஜெபக்குழுத் தலைவர். என்ன செய்ய?
— வாசகர், மார்த்தாண்டம்

முதலில் இன்றைய மாத்திரையைப் போடுங்கள். பிறகு தலைவரிடம் கேளுங்கள்: தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பவுல் அவிசுவாசியா? துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தாரே, அது யார் குறை? கூடவே சுற்றின லூக்கா வைத்தியர். பிரியமான வைத்தியர் என்றே பவுல் அவரை அறிமுகம் செய்கிறார். தலைவருக்கு டாக்டர் வேண்டாமென்றால் லூக்கா எழுதின சுவிசேஷத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

கேள்வி: தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?
— அரசு ஊழியர், விருதுநகர்

வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை அளந்து கொடுத்தவர்களை இயேசு சந்தித்தார். அஞ்சறைப்பெட்டி வரைக்கும் கணக்கு சுத்தம். நியாயமும் இரக்கமும்தான் பாக்கி என்றார். அளந்ததைத் தப்பென்று சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள். உபாகமம் 14-இன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போய்ச் சேர வேண்டும். எதில் கணக்குப் போட்டாலும் சரி, அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

கேள்வி: ‘விசுவாச ஊழியம்’ என்கிறார்கள். வரவு செலவு கேட்டால் முகம் சுளிக்கிறார்களே?
— வாசகர், திருச்சி

பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்று வைத்திருந்தவர். 1836-இல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்குகிற அளவுக்கு அது வளர்ந்தது. வந்த சில்லறைக்கும் ரசீது, வருஷாவருஷம் அச்சிட்ட அறிக்கை. எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலும், ஒருவரும் குறை சொல்லாதபடிக்குச் சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் போனார். நீங்கள் கேட்டது சரி. இன்னொரு தடவை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஒரே வியாதி. இரண்டு வீட்டுக்காகவும் சபையே உபவாசமிருந்தது. ஒருவர் பிழைத்தார், ஒருவர் போய்விட்டார். போனவர் வீட்டில் வந்து, “விசுவாசம் பத்தவில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.
— வாசகி, பாளையங்கோட்டை

சொன்னவருக்கு அப்போஸ்தலர் 12-ஐ வாசிக்கக் கொடுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அடுத்ததாகப் பேதுருவைப் பிடித்தான். இவரைத் தூதன் வந்து வெளியே கொண்டுவந்தான். ஒரே ராஜா, ஒரே சபை, ஒரே அதிகாரம். யாக்கோபுக்கு விசுவாசம் குறைச்சல் என்று லூக்கா எங்கேயும் எழுதவில்லை.

சரி, பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் எப்படி? காவலுக்கு 16 சேவகர். இரண்டு சங்கிலி. அத்தனையையும் தாண்டி நடுராத்திரியில் மரியாள் வீட்டு வாசலில் பேதுரு வந்து தட்டுகிறார். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்ட சந்தோஷத்தில், கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் என்கிறார்கள். அவள் சாதித்ததும், வந்தது அவருடைய தூதனாயிருக்கும் என்று சமாதானம் சொல்கிறார்கள். பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறார். பட்டணத்து இரும்புக்கதவு தானாகத் திறந்தது. ஜெபக்கூட்டத்துக் கதவுதான் திறக்கவில்லை! இந்த அழகான விசுவாசத்துக்குத்தான் பேதுரு கிடைத்தார். அப்படியிருக்க, யாக்கோபு வீட்டில் போய் யார் எதை அளப்பது?

எபிரெயர் 11-உம் இதைத்தான் செய்கிறது. பட்டயத்துக்குத் தப்பினவர்கள் 34-ஆம் வசனத்தில், பட்டயத்தால் வெட்டப்பட்டவர்கள் 37-இல். இருவரும் ஒரே விசுவாசப் பட்டியலில். காரணத்தை எழுதாமல் விட்டிருக்கிறது வேதம். நாம் எழுதிச் சேர்க்க வேண்டாம். துக்கவீட்டுக்குப் போகிறவர்கள் யோபுவின் சிநேகிதர்களைப் பின்பற்றலாம், முதல் ஏழு நாளைக்கு மட்டும். அந்த ஏழு நாளும் தரையில் கூட உட்கார்ந்து வாய் திறக்காதிருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

கேள்வி: தோமாவைச் சந்தேகப் பேர்வழி என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே!
— மாணவி, பரங்கிமலை

உங்கள் மலையில்தான் அவர் இரத்தசாட்சியானார் என்பது பழைய மரபு, கோபம் நியாயமே. யோவான் 11-ஐ உங்கள் ஆசிரியையிடம் காட்டுங்கள். இயேசு பெத்தானியாவுக்குப் புறப்படுகிறார். அந்தப் பக்கத்து ஜனங்கள் கல்லெறியப் பார்த்த காயம் ஆறவில்லை, சீஷர்கள் தயங்குகிறார்கள். போவோம், அவரோடு சாகவும் சாவோம் என்றவர் தோமா. ஒரு வாரச் சந்தேகத்துக்கு 2,000 வருஷப் பட்டப்பெயர் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: அசனப் பந்தியில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?
— பசியோடு ஒருவர், சாயர்புரம்

கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலையிலிருந்து கத்தினார்கள், ஒரு பதிலும் வரவில்லை. எலியாவின் ஜெபம் இரண்டே வசனம், அக்கினி இறங்கியது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சேகரகுருவின் இலைக்குப் பக்கத்தில் வையுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.