குட்வுட்டில் விளக்கெண்ணெய் வாசனை

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

இவரும் பிள்ளைகளும் நானும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? இங்கே செப்டம்பர் பிறந்ததும் மழை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த மழையிலும் சென்ற வாரக் கடைசியில் ஒரு திருவிழாவுக்குப் போய்வந்தோம். நீங்கள் வந்திருந்தால் சாப்பாட்டையே மறந்திருப்பீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

திருவிழாவின் பெயர் குட்வுட் ரிவைவல். சிசெஸ்டர் ஊருக்கு வெளியே, ரிச்மண்ட் பிரபுவின் நிலத்தில் மூன்று நாள் நடக்கிற பழைய கார் பந்தயம். 1966-க்குப் பிந்தைய கார் எதுவும் அங்கே ஓடாது. பந்தயத் தடத்தின் எல்லைக்குள் புதுக் காருக்கு அனுமதியே கிடையாது. வந்த வண்டியை வெளியே புல்வெளியில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களை அந்தக் காலத்து டிராக்டர் ஒன்று பின்னால் வண்டி கட்டி இழுத்துப்போகிறது.

மனுஷர்களுக்கும் ஏறக்குறைய அதே சட்டம்தான். பழைய காலத்து உடையில் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஜீன்ஸில் போனால் கல்யாண வீட்டுக்கு லுங்கியோடு போனவர் மாதிரி நிற்க வேண்டியிருக்கும். அதனால் இவர் சாரிட்டி கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினார். அதற்குள் இன்னொருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம். எனக்குச் செலவே இல்லை. சின்னாளப்பட்டிச் சேலை, பஃப் கை ஜாக்கெட், சரோஜாதேவி கொண்டை. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தாய் என்று கேட்டாள். அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்றதும் அவளுக்கு வந்த பொறாமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லி மாளாது. வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறவர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மெக்கானிக்காகத் திரிகிறார்கள். யுத்தகால விமானி வேஷத்தில் மீசையை முறுக்கி நின்ற ஒருவர், இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துத் தட்டி டீக்குக் காசு கொடுத்தார். டீயின் விலை மட்டும் இந்த வருஷத்து விலை. மற்ற எல்லாவற்றையும் பழைய காலத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு அதை மட்டும் கொண்டுபோக மனம் வரவில்லை.

விமானி வேஷத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்த இடம் வெஸ்ட்ஹாம்ப்நெட் விமானத் தளம். ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. தளத்தைச் சுற்றிப் போட்ட 3.8 கிலோமீட்டர் சாலை யுத்தம் முடிந்ததும் சும்மா கிடந்தது. அப்போதைய பிரபுவுக்குக் கார் பைத்தியம். 1948-ல் அதையே பந்தயத் தடமாக்கிவிட்டார். முதல் நாள் சிறிய கார்களின் பந்தயத்தில் ஜெயித்த பையன் ஸ்டிர்லிங் மாஸ். அதற்கு முந்தின நாள்தான் அவருக்கு 19 வயது முடிந்திருந்தது. 1962-ல் இதே தடத்தில் செயின்ட் மேரிஸ் வளைவருகே மோதி, ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அத்தோடு சரி. கார்களின் வேகத்துக்குத் தடம் தாங்காது என்று 1966-ல் பந்தயத்தை நிறுத்தினார்கள். 32 வருஷம் கழித்து, 1998-ல், பிரபுவின் பேரன் மறுபடி தொடங்கினார். தாத்தா விட்டுப்போனது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று சுவரின் பெயிண்ட் வரைக்கும் பிடிவாதம்.

மாமா, நீங்கள் சென்னைக்கு வெளியே சோழவரத்தில் ரேஸ் பார்த்த கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் பாதிதான் கேட்டிருப்பேன். அதுவும் யுத்தகால விமானத் தளம்தானே! சென்னைப் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. சோழவரம் உங்கள் தலைமுறையின் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முதல் பந்தயம் தொடங்கியதும் மூக்கில் ஏறியது விளக்கெண்ணெய் வாசனை! அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய் சேர்ந்த ஆயில்தான் ஊற்றுவார்களாம், சூட்டைத் தாங்கும் என்று. ஆச்சி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியதை இங்கே பிரபுக்கள் கண்ணை மூடி முகர்ந்து பரவசப்படுகிறார்கள்.

பந்தயத்தில் எனக்குப் பிடித்தது சலூன் கார்கள். ஒரு பக்கம் கட்டில் நீளத்துக்கு மினி, இன்னொரு பக்கம் கப்பல் மாதிரி அமெரிக்க ஃபோர்டு கேலக்ஸி. நேர் சாலையில் கப்பல் முந்தும். வளைவு வந்தால் மினி சந்தில் புகுந்து போய்விடும். டயர் மெலிசு என்பதால் எல்லாக் காரும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டேதான் திரும்பும். மினி உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போகும். ஃபெராரி 250 ஜிடிஓ என்று ஒரு ரகம் உண்டு. உலகத்திலேயே 36 தான் செய்தார்கள். 2018-ல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த ரகக் காரைக்கூட இங்கே கொண்டுவந்து முட்டி மோதி ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் இவரோ புதுச் சைக்கிளுக்கு உறை வாங்கிப் போட்டிருக்கிறார்.

பிள்ளைகளுக்கும் ஒரு பந்தயம் உண்டு, செட்ரிங்டன் கோப்பை. வெள்ளை உடுப்பில் வாண்டுகள் தடத்தின் குறுக்கே ஓடிவந்து ஏறி மிதிக்கிறார்கள். கார் ஆஸ்டின் ஜே40, காலால் மிதிக்கிற பொம்மைக் கார். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டு வேலை இழந்தவர்களுக்காக வேல்ஸில் ஒரு தொழிற்சாலை கட்டி, பெரிய கார் செய்ததில் மிஞ்சிய தகட்டை வைத்து அவர்கள் கையால் செய்தவை இவை. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த 4 கோடி டாலர் கார் சின்னதாகிவிட்டது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே பழைய கார்களுக்குத் தனியாக ஒதுக்கிய இடத்தில் ஒரு ட்ரையம்ப் ஹெரால்டு நின்றது. சொந்தக்காரர் முன்பக்கம் முழுவதையும் மூக்கோடு முன்னால் கவிழ்த்து எஞ்சினைக் காட்டினார். மாமாவிடமும் ஒன்று இருக்கிறது, சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது, நான்கு கதவு என்றேன். அவர் சிரித்தார். ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவுதான் அம்மா என்றார். இங்கே அவர்கள் நான்கு கதவு வைத்துச் செய்யவே இல்லையாம். இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். இவர் போனில் தேடிக் காட்டியதும் மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பக்கத்துக் கார்க்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, இந்த அம்மாவின் மாமாவிடம் நான்கு கதவு ஹெரால்டு இருக்கிறது என்று அறிமுகம் செய்துவைத்தார். என் சேலைக்கே கிடைக்காத மரியாதை.

உங்கள் ஹெரால்டைப் போலத் தார்ப்பாய்க்குள் வைத்தால் வண்டி பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஓடினால்தான் பத்திரம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். இவர்கள் சொல்வதுதான் சரி. ஆகவே மாமா, பழைய இரும்புக்காரர் எவ்வளவு கேட்டாலும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். தார்ப்பாயை எடுங்கள், கார்புரேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் கடைத்தெரு வரைக்கும் ஒரு சுற்று ஓட்டுங்கள். நான்கு கதவையும் திறந்துவைத்து ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். அனுப்புகிறேன் என்று அந்த மனுஷரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்