ஞாயிற்றுக்கிழமைச் சட்னி

ஸ்டுட்கார்ட்,
ஆகஸ்ட், ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

"தக்காளி எத்தனை பெட்டிடா?" என்று போனில் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வேன் வேனாக ஏற்றியவருக்கு, பால்கனியில் மூன்று தொட்டி வைத்திருப்பவன் என்ன கணக்குச் சொல்ல? இந்த வாரம் பழுத்தது ஏழு. பெட்டிக்கு அவசியமில்லை, சட்டைப் பையே போதும்.

தண்ணீர் இருந்தால் நீங்கள் எந்த மாதமும் நாற்று நடுவீர்கள். இங்கே மே 15 வரை வெளியில் வைக்கக் கூடாதாம். அன்று 'குளிர் சோஃபி' என்ற புனிதவதியின் நாள். அவருக்கு முன்னால் பங்க்ராத்தியுஸ், செர்வாத்தியுஸ், போனிஃபாத்தியுஸ் என்று வரிசையாக வருவார்கள். அத்தனை பேரும் போய்ச் சேரும் வரை ராத்திரி உறைபனி விழுந்து நாற்றைக் கருக்கிவிடும் என்று கீழ்வீட்டுப் பாட்டி மிரட்டினார். ஏப்ரல் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில் நாற்று, ஹாலில் பாய் விரித்து நான். மூன்றாம் மாடிக்குத் தேனீ எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அதனால் காலையில் ஆபீஸ் போகுமுன் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுகிறேன். மகரந்தம் நகத்தில் மஞ்சளாக ஒட்டும். தேனீ வேலைக்கும் படித்தவனாகிவிட்டேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு, லீவுதானே என்று செடிக்குக் கயிறு கட்டச் சுவரில் ஆணி அடித்தேன். இரண்டே தட்டுதான், பாட்டி மேலே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது அப்பா! 1919-இல் வைமார் குடியரசின் அரசியல் சட்டத்தில் 139-ஆம் பிரிவாக எழுதியதை இன்றைய சட்டத்தின் 140-ஆம் பிரிவு அப்படியே சேர்த்துக்கொண்டது. ஞாயிறு உடம்புக்கு ஓய்வு, ஆன்மாவுக்கு உயர்வு. ஆணி அடித்தால் ஆன்மா உயராது போலிருக்கிறது. டிரில் கூடாது. புல்வெட்டும் மெஷின் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது, 'ணங்'கென்று கேட்குமே! கயிறு வாங்கலாம் என்றால் கடைகளும் பூட்டு. பொங்கலுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கிழித்துத்தான் செடியைக் கம்பியில் கட்டினேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்று ஏழில் நாலைச் சட்னிக்கு ஒதுக்கினேன். மிக்ஸியோ, அங்கிருந்தபோதே பக்கத்துத் தெரு வரை கேட்ட ஜாதி. போர்வையைச் சுற்றி, பீரோவுக்குள் வைத்து, கதவைச் சாத்தி ஓட்டினேன். பீரோ நடக்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் வாசலில் பாட்டி. பேசாமல் தோசைத் தட்டை நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர். தட்டைத் திருப்பிக் கொடுத்து, "திங்கட்கிழமை அரைத்தாலும் இதே ருசிதான் இருக்கும்" என்றார்.

கடைத் தக்காளி சிவப்பாக இருக்கிறதே தவிர நாக்கில் புளிப்பதில்லை. இது புளித்தது. அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை, தெருவிலும் ஒரு ஈ காக்கை இல்லை. போன் போடலாமென்றால் இங்கே ஒரு மணி, அங்கே நாலரை, பால் கறக்க உட்கார்ந்திருப்பீர்கள். அதான் கடிதம். பேனாச் சத்தத்துக்கு இன்னும் தடை வரவில்லை.

அக்டோபரில் மாமா வரும்போது நம் சின்ன அம்மியைக் கொடுத்தனுப்ப முடியுமா? அதில் சத்தமே வராது. குழவியும் சேர்த்து 23 கிலோவுக்குள் அடங்குகிறதா என்று எடை போட்டுச் சொல்லுங்கள். முறுக்கு, துணிமணி எதுவும் இந்தத் தடவை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்