மிதித்தால் அணையும் கார்: திணை, துறை, பழுது

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். காலையில் கிளம்பவே மறுக்கும் கார் இதில் இடம்பெறாது. அது பேட்டரி இயலார் பாடு. சும்மா நிற்கும்போது தானாக அணைவதும் வேறு துறை. ஆக்சிலேட்டரை மிதிக்கும் வரை சாதுவாக ஓடிக்கொண்டிருந்து, மிதித்ததும் ஒருமுறை குலுங்கி, இருமி, அணைந்துவிடும் கார் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. மூல மாதிரி, 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. தொடக்கத்தில் கார்ப்பரேட்டர், பிற்காலத்தில் எம்.பி.எஃப்.ஐ. ஆகவே இந்நோயின் இரண்டு பாடபேதங்களும் ஒரே குடும்பத்தில் கிடைக்கின்றன.

திணை வகுப்போம். மருதமாயின் நிலம் நாற்சந்தி. பொழுது, பச்சை விளக்கு விழுந்த கணம். குறிஞ்சியாயின் கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுள் ஏதேனும் ஒன்று. பொழுது, மேலிருந்து பஸ் இறங்கும் நேரம். கருப்பொருள், பின்னால் நின்று ஹாரன் அடிக்கும் ஷேர் ஆட்டோ. உரிப்பொருள் இரண்டுக்கும் ஒன்றே: நாணம். பாலையில் நின்றுபோவது பெட்ரோல் தீர்ந்ததால் என்க. அது பழுதன்று, வினைப்பயன்.

முன்னோர் கொள்கைகள் மூன்று. பக்கத்து இருக்கைக்காரர் கொள்கை: ‘பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டாங்க.’ மெக்கானிக் கொள்கை: ‘பிளக்க மாத்திப் பார்ப்போம் சார்.’ மாமனார் கொள்கை: ‘செகண்ட் ஹேண்ட் வேணாம்னு அப்பவே சொன்னேன் மாப்ள.’ மூன்றாவதை மறுக்கச் சான்றில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்க முடியாது. முதலாவதை எல்லாரும் நினைப்பதுபோல் தள்ளிவிடவும் முடியாது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவரின் டேங்க்கிலிருந்து அதுவும் வண்டலும் சேர்ந்தே மேலே வரும்.

இனிக் காரணம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மிதித்ததும் த்ராட்டில் திறக்கிறது, காற்று லேசானது, பாய்ந்துவிடுகிறது, பெட்ரோல் பின்தங்குகிறது. அந்த நொடியில் கலவை மெலிந்து தீ பிடிக்காமல் போகிறது. இதை அறிந்தே கார்ப்பரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் என்று ஒரு சிறு ரப்பர் டயாஃப்ரம் வைத்தார்கள். மிதிக்கும்போதெல்லாம் அது கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே தள்ளும்.

கள ஆய்வாளர் செய்ய வேண்டியது இது. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து, த்ராட்டிலைக் கையால் சட்டென்று திருப்புக. நூல் பிடித்தாற்போல் மெல்லிய பெட்ரோல் தாரை சாய்வாகப் பீச்சினால் பம்ப் உயிரோடிருக்கிறது. சொட்டினாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ டயாஃப்ரம் விறைத்துக் கிழிந்திருக்கும், அல்லது ஊசிமுனை போன்ற ஜெட் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவிக் காற்றடித்து, கிட் மாற்றினால் முடிந்தது. (பக்கத்தில் பீடி பற்றவைக்கும் ஆலோசகர்களை அப்புறப்படுத்திவிட்டே இதைத் தொடங்குக.)

எம்.பி.எஃப்.ஐ. காரில் இந்தப் பம்ப் கிடையாது. த்ராட்டில் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. அங்கே சந்தேகத்துக்குரியவர்கள் பெட்ரோல் ஃபில்டரும் டேங்க்கிலுள்ள பெட்ரோல் பம்ப் மோட்டாரும்தான். நாலு பேருக்குச் சமைக்கையில் அடுப்பின் குறை தெரியாது, பந்தி கூடினால்தான் தெரியும். மெதுவாக ஓடும்போது போதுமாயிருந்த பெட்ரோல் மிதித்ததும் பற்றாமல் போவதும் அப்படித்தான். பிரஷர் கேஜ் மாட்டி, ஓட்டத்தில் முள் விழுகிறதா என்று பார்த்தால் வழக்கு முடிந்தது. காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில் இன்டேக் ஹோஸின் மடிப்பில் ஒரு வெடிப்பு ஒளிந்திருக்கும். என்ஜின் மூச்சுப்பிடித்து ஆடும்போது மட்டும் அது வாய் திறக்கும். ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் கலவை மெலிந்தது என்று பொருள். ஏன் மெலிந்தது என்பது அதற்குத் தெரியாது. அந்த எண்ணைக் கண்டதும் சென்சாரை மாற்றுபவர் உரையாசிரியர் அல்லர், ஏடு பெயர்த்து எழுதுபவர்.

கரண்ட்டையும் விட்டுவிடக் கூடாது. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். நொந்த இக்னிஷன் காயிலும் வெடித்த பிளக் ஒயரும் அப்போது கைவிடும். இருட்டில், கையை உள்ளே விடாமல், பானட்டைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள்; ஒயர் ஓரமாக நீலப் பொறி நடமாடினால் மெக்கானிக் கொள்கைக்குப் பாதி வெற்றி.

இங்கேதான் என் வழக்கு. இந்நோய்க்கான சோதனைகளைச் செலவு ஏறும் வரிசையில் அடுக்க வேண்டும். முதற்படி இலவசம்: பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளிழுக்கும், சிறிது நேரம் கார் ஒழுங்காக ஓடும். ஆனால் சமூகம் மேலிருந்து கீழே வருகிறது: முதலில் கம்ப்யூட்டர், பிறகு மோட்டார், பிறகு சென்சார், கடைசியில் மூடி. இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மூடியைத் திறந்து மூடியதற்குக் காசு கேட்டால் எந்த உரிமையாளர் கொடுக்கிறார்?

பட்டறையில் நிறுத்தி முறுக்கினால் நோய் பல நேரம் தெரியாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ‘நல்லாத்தானே சார் இருக்கு?’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நின்ற காரில் என்ஜினுக்குச் சுமை இல்லை. அவரையும் ஏற்றி, முடிந்தால் மேலும் மூவரை ஏற்றி, மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் மிதித்துக் காட்டுக. அணைந்தால் தள்ள ஆளும் இருக்கும்.

மேலாய்வுக்குரிய களங்கள்: ஏ.சி. போட்டால் மட்டும் திணறும் கார். பழுது நீங்கிய மறுநாளே உரிமையாளர் காதில் மட்டும் கேட்கும் புதிய சத்தம். மாற்றியதாக பில்லில் உள்ள பழைய பிளக்குகள் எங்கே போகின்றன என்பது. கடைசித் தலைப்புக்கு நெறியாளர் தேவை.