ஊசியும் நூலும்

வாடா பேராண்டி. வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர்லருந்து வந்து இறங்குறே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பறந்துடுறே. போன தடவை என் ஐஸ் பெட்டியில ஒரு டப்பாவைக் குடிவச்சுட்டுப் போயிட்டே. மேல ஐஸ்கிரீம்னு எழுதியிருக்கு. பக்கத்து வீட்டுப் பொடியன் ஆசையாத் தொறந்தான். ஓடினவன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல.

வெஜிடபிள் ஸ்டாக்கா அது? கேரட் தோலு, வெங்காயத் தோலு, செலரித் தண்டு எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சு வடிகட்டினியே, அதுதானே? தோட்டத்துல இருந்த காலத்துல அந்தத் தோலையெல்லாம் நான் மாட்டுக்கு வச்சேன். பேரு தெரியாமப் போச்சு, இல்லாட்டி மாட்டுக்கிட்டயே காசு கேட்டிருப்பேன்.

நம்ம ஊருக்கு சிகாமட்டுன்னு எப்படிப் பேரு வந்துச்சு தெரியுமா? 1511-ல மலாக்கா போர்ச்சுகீசியர் கையில விழுந்தப்ப, தப்பிச்சு வந்த ஒரு பெண்டஹாரா, அதான் முதல் மந்திரி, இந்த ஆத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு 'செகார் அமாட்'டுன்னாராம். ரொம்பப் புத்துணர்ச்சியா இருக்குன்னு அர்த்தம். நல்லவேளை, அவரு உன் டப்பாவைத் தொறக்கல. ஊருக்கு வேற பேரு வந்திருக்கும்.

சரி, கரண்டியை விட்டுத் தூக்கிப் பாரு. நூல் விடுதா? சாறு ஊசிப்போனா நூல் விடும். ஊசின்னு ஒண்ணு வந்தா நூலும் கூட வரணும்ல? கோழிச்சாறு குளிர்ல கொழகொழன்னு உறையும், அது எலும்பு விட்ட பசை, பயமில்ல. உன் சாத்துல எலும்பு ஏது? அது வழவழன்னு ஆனா வேற யாரோ உள்ள குடியேறிட்டாங்க. அடியில மாவு மாதிரி படிஞ்சா விடு, காய்ச் சத்துதான். ஆனா மேலேருந்து கீழ வரைக்கும் கலங்கியிருந்தாலோ, அடுப்புல ஏத்தாமலே குமிழ் விட்டாலோ, மூடி உப்பிக்கிட்டு இருந்தாலோ, அது சாறு இல்ல, கள்ளுக்கடை. ரசத்துக்காவது புளி காவல் நிக்கும். இதுல வெறும் கேரட் இனிப்பு, வெங்காய இனிப்பு. கிருமிக்குக் கல்யாண வீடு.

அட, நாக்குல வைக்காதடா! கெட்டுச்சான்னு ருசி பார்த்துச் சொல்ல நீ என்ன தீர்ப்புச் சொல்ற நாட்டாமையா?

மூக்கை ரொம்ப நம்பாதே. ஆளைக் கவுக்குற கிருமி சிலது வாடையே காட்டாது. கொதிக்க வச்சா சரியாயிடுமா? அதுல சிலது வெந்நீர்ல வித்தாட்டம் சுருண்டு கெடந்து, ஆறினதும் எந்திரிச்சுக் குடும்பம் நடத்தும். சிலது கக்கின விஷம் எத்தனை கொதி கொதிச்சாலும் போகாது.

உங்கம்மா பள்ளிக்கூடத்துல படிச்சப்ப சத்தம் போட்டு ஒப்பிப்பா. 1860 வாக்குல பாஸ்டர்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கொக்குக் கழுத்தாட்டம் வளைஞ்ச குடுவையில சாறைக் கொதிக்க வச்சு விட்டாராம். கெடல. கழுத்தை ஒடிச்சாரு, தூசியும் கிருமியும் உள்ள போச்சு, கலங்கிடுச்சு. உன் டப்பாவுக்கு மூடியே ஒரு பக்கம் கொட்டாவி விடுது!

அதுவும் நீ சட்டியோட மேசையில வச்சுட்டுப் படம் பார்க்கப் போனே. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பெட்டிக்குள்ள போயிருக்கணும். சட்டியைப் பச்சைத்தண்ணியில இறக்கி, சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சிருந்தா சீக்கிரம் ஆறியிருக்கும். பெட்டிக்குள்ள மூணு நாள், மிஞ்சினா நாலு. மேல் தட்டுல கட்டியா உறைய விட்டா ரெண்டு மூணு மாசம் வச்சுப் பொழங்கலாம்.

கரண்டு போச்சுன்னா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2011 ஜனவரி கடைசியில ஆறு ஏறி வந்துச்சே, அப்ப வீடே இருட்டு. பெட்டியைத் தொறக்காம விட்டா நாலு மணி நேரம் தாங்கும். உன் தாத்தா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து, குளிர் இருக்கான்னு பார்த்தாரு. அவரு பார்த்துப் பார்த்தே அது போயிடுச்சு.

அது கெடக்கட்டும், இதை என்னைக்குக் காய்ச்சினே? ஏன்டா விரல் விட்டு எண்ணுறே? ஒரு கை முடிஞ்சு அடுத்த கைக்குப் போயிட்டியே!

போ, வாழை மரத்தடியில ஊத்து. டப்பாவைச் சவுக்காரம் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கொண்டா. என் தையல் ஊசியும் நூலும் போட்டு வைக்க ஒண்ணு தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்.