அள்ளிப் பூசும் கை

கார் இன்ஜினின் அடியில் தொங்கும் ஆயில் சேம்பரைப் போல நிம்மதியான உத்தியோகம் அந்த வண்டியில் வேறு எதற்கும் இல்லை. மேலே பிஸ்டன் தீயில் வேகிறது. கிராங்க் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. ஆயில் பம்ப் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேம்பரோ, வேலை முடிந்து வழிந்து வரும் எண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிறிய காரில் மூன்று லிட்டரோ நான்கு லிட்டரோ எண்ணெய், அதன் எடை, கிராங்க் வாரியிறைக்கும் தெறிப்பு. சேம்பர் பேக்கிங் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். இந்தச் சுலபமான வேலைக்குத்தான் ஒரு முழு ட்யூப் சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கித் தள்ளுகிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேஸ்ட் குறைந்தால் வருவது தரையில் ஒரு கறை, கூடினால் போவது இன்ஜினாகவே இருக்கலாம். ஆகவே இந்த ஒரு காரியத்திலாவது கருமித்தனம் வேண்டும்.

நம் கை பந்தியில் பரிமாறிப் பழகிய கை. இலையை மறைத்துப் படுத்துவிட்டாலும் விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி விழும். அதே தாராளம் சேம்பர் விளிம்பிலும் நடக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கோடு போதும் என்ற இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு வரப்பு எழும்புகிறது. போல்ட்டை முடுக்கியதும் கூடுதல் பேஸ்ட் பிதுங்கி வெளியே கறுப்பு ஜரிகைபோல ஓரம் கட்டி நிற்கும். வண்டிக்காரர் குனிந்து பார்த்து, ‘நல்லா கெட்டியா போட்டிருக்காங்க’ என்று திருப்தியோடு காசு கொடுப்பார். பேஸ்ட்டுக்கு வெளிப்பக்கம் உள்பக்கம் என்ற பாரபட்சம் கிடையாது என்பதை அவர் யோசிப்பதில்லை. வெளியே எவ்வளவு பிதுங்கியதோ, ஏறக்குறைய அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்த உள்ஜரிகை சூடான எண்ணெயில் ஆடி ஆடி, ஒருநாள் துண்டாகி விழும். சேம்பரின் அடியிலேயே ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஒரு சல்லடையை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. விழுந்த துண்டை அது இழுத்து அணைத்துக்கொள்ளும். சல்லடை அடைத்தால் பம்ப்புக்கு எண்ணெய் இல்லை. பம்ப்புக்கு இல்லாதது பேரிங்குக்கு எங்கிருந்து வரும்? சொட்டுச் சொட்டாக ஒழுகிய எண்ணெயை நிறுத்தப்போய், ஓட வேண்டிய எண்ணெயை நிறுத்தியதுதான் மிச்சம்.

‘இத்தனை வருஷமா இப்படித்தான் போடுறோம், ஒரு வண்டிகூட திரும்பி வரலையே’ என்பார் மெக்கானிக் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. ஒழுகல் நின்றுவிட்டது என்பதால் ஒழுகலுக்காக வண்டி திரும்பி வராது. எப்போதோ ஒருநாள் ‘ஆயில் லைட் எரியுது’ என்ற வேறு புகாரோடு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அங்கே சேம்பரைக் கழற்றி, சல்லடையிலிருந்து கறுப்பு ரப்பர் துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பவருக்கு முந்தைய கைராசிக்காரரின் விலாசம் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் கையிலும் அதே அளவு ட்யூப்தான் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘கம்பெனிக்காரனே பேக்கிங் இல்லாமல் வெறும் பேஸ்ட்டில்தானே ஒட்டி அனுப்புகிறான்?’ உண்மைதான். பல ஜப்பானியக் கார்களில் சேம்பருக்குத் தனி பேக்கிங்கே கிடையாது; பேஸ்ட்தான் பேக்கிங். ஆனால் அங்கே புதிய, எண்ணெயே படாத தளத்தில், அளந்த கனத்தில், போல்ட் ஓட்டைகளின் உள்பக்கமாக அறுபடாத ஒரே கோடாக அது விழுகிறது. அந்த வண்டிக்கு நாமும் அப்படியே போடலாம், தவறில்லை. வார்ப்பு ரப்பர் பேக்கிங் வரும் வண்டிக்கு அதே நியாயத்தைக் கொண்டுபோகும்போதுதான் வம்பு. ரப்பர் பேக்கிங் உலர்ந்த நிலையில் உட்காரவே செய்யப்பட்டது. அதன் இரண்டு பக்கமும் சிலிக்கானைத் தடவினால், இறுகும்வரை அது ஒட்டும் பொருளாக இருக்காது, வழுக்கும் பொருளாகத்தான் இருக்கும். போல்ட் இறுக இறுக, பேக்கிங் மெல்ல நழுவி வெளியே தலை நீட்டும். பேக்கிங்கோடு பேஸ்ட்டுக்கு நியாயமான வேலை இருப்பது மூலைகளில்தான். டைமிங் கவர் பிளாக்கோடு சேரும் இடத்திலும், பின்பக்க ஆயில் சீல் ஹவுசிங் பிளாக்கோடு சேரும் இடத்திலும் ஒரு சிறு படி இருக்கும். பேக்கிங்கால் அந்தப் படிக்குள் இறங்க முடியாது. அங்கே ஒவ்வொரு பொட்டு, அவ்வளவே. ஒரு நெற்றிக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு.

‘விளிம்பே வளைஞ்சிருக்கு, பேஸ்ட்தான் ரொப்பணும்’ என்றால், அது ஏன் வளைந்தது என்று கேட்க வேண்டும். கணக்கில் அடங்காத நம் ஸ்பீட் பிரேக்கர்கள் சேம்பரின் அடியைத்தான் சப்பையாக்கும். விளிம்பை வளைப்பது பெரும்பாலும் போன தடவை முடுக்கிய கைதான். சேம்பரைப் பிடிப்பவை சுண்டுவிரல் கனத்தைவிடச் சிறிய ஆறு மில்லிமீட்டர் போல்ட்கள். சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். நீளமான ஸ்பேனரில் தொங்கினால், ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேடு தட்டி, அந்த மேட்டோரமாகவே ஒழுகும். கார்க் பேக்கிங் என்றால் நசுங்கி வெளியேயே வந்துவிடும். ஒழுகுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முடுக்குவது வழக்கம். அது இன்னும் கொஞ்சம் ஒழுகுவதும் வழக்கம். இதற்கு மருந்து ட்யூபில் இல்லை. விளிம்பை மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துவதில் இருக்கிறது. அலுமினிய வார்ப்புச் சேம்பரைத் தட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வராதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், ஒழுகுவது சேம்பர்தானா என்றும் பார்க்க வேண்டும். டேப்பட் கவரில் கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்சில் கசிந்தாலும், எண்ணெய் இறங்கி வந்து சொட்டுவது சேம்பரின் ஓரத்தில்தான். கீழே இருப்பவன்மேல் பழி விழுவது மோட்டார் உலகத்திலும் உண்டு.

எந்த பேஸ்ட் என்று கேட்டால், முகர்ந்து பாருங்கள் என்பேன். புளித்த வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தைக் கக்கிக்கொண்டே இறுகும் வகை. சில உலோகங்களை அரிக்கும். ஹார்டுவேர் கடையில் குளியலறைத் தொட்டி ஓரத்துக்கு விற்கும் சிலிக்கான் பெரும்பாலும் இந்த ஜாதிதான்; சூடான எண்ணெயில் ஊற அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆக்சிஜன் சென்சாருக்குத் தீங்கில்லை, எண்ணெயைத் தாங்கும் என்று எழுதிய இன்ஜின் பேஸ்ட்தான் வேண்டும். இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகுவது. சென்னைப் புழுக்கத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடிய அபூர்வப் பொருள் இது. இதற்கு நேர் எதிராக, காற்றே இல்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டு இறுகும் வகை ஒன்றும் உண்டு. கடைந்த இரண்டு அலுமினிய முகங்களுக்கு நடுவே அது பிரமாதம். நெளியும் தகரச் சேம்பருக்கு ஆகாது. எதுவானாலும் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் ஒட்டாது. பிளாக்கிலிருந்து எண்ணெய் மணிக்கணக்கில் சொட்டும். அது வடிந்த பிறகு துடைக்க வேண்டும், காய்ந்த பிறகு மறுபடி துடைக்க வேண்டும். மாட்டியதும் எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் அவசரக்காரருக்கு, ட்யூபின் முதுகில் எழுதிய நேரத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வாங்கித் தரலாம். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும் என்பது பல ட்யூப்களின் கணக்கு. டாக்சிக்காரருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் வருமானம், ஒப்புக்கொள்கிறேன். இன்ஜின் இறக்கினால் எத்தனை நாள் என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

மிஞ்சுவது கடைசி ஆட்சேபம்; யாரும் வாய்விட்டுச் சொல்லாதது, ஆனால் எல்லாவற்றையும்விடப் பலமானது. ‘திறந்த ட்யூபில் மிச்சம் வைத்தால் வீணாகிவிடுமே.’ ஆகும். மூடியை இறுக்காமல் வைத்தால் நம் ஊர் ஈரத்தில் வாய் அடைத்து, உள்ளேயும் கல்லாகும். இந்தப் பயத்தில்தான் பொட்டு கோடாகிறது, கோடு வரப்பாகிறது. வழி இல்லாமலில்லை: மூக்கைக் கழற்றாமல் நுனியில் கொஞ்சம் பேஸ்ட்டை அப்படியே இறுகவிட்டால் அதுவே தக்கையாகும், அடுத்த தடவை ஒரு ஸ்க்ரூவைத் திருகி இழுத்தால் தக்கை வந்துவிடும், உள்ளே சில காலத்துக்குப் பச்சையாகவே இருக்கும். அப்படியும் கெட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். மிச்சத்தை வைத்து அறுந்த செருப்பை ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒட்டாது.